புதன்கிழமைப் பிரபஞ்சம்

முகத்துக்கு நேரே என்னை 'சார்' என்பார்கள். முதுகைத் திருப்பினால் 'பெருவெடிப்பு'. இதற்கு இரண்டு காரணம். கோளரங்கத்தில் பத்தொன்பது வருடமாக, நாளைக்கு நான்கு காட்சி, பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது காரணம் என் கோபம். உண்மையில் அது வெடிப்பே இல்லை, விரிவு. இதைப் பலமுறை விளக்கிவிட்டேன். விளக்க விளக்கப் பெயர்தான் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

எங்கள் அரங்கில் நூற்றிருபது சாய்வு நாற்காலி. மேலே வெள்ளைக் குவிமாடம், நடுவில் நட்சத்திரம் காட்டும் கருவி. கடைசி வரிசைக்குப் பின்னால் தடுப்புக்குள் என் மேசை. அதில் ஒரு மைக், சில பித்தான்கள், இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காத சிவப்பு டார்ச். சூரியனை மறைய வைக்க நான் நான்கு நிமிடம் எடுத்துக்கொள்வேன். முடிந்ததும் விடிய வைக்கவும் நான்கு நிமிடம். டபக்கென்று விளக்கைப் போட்டால் பெரியவர்களுக்குக் கண் கூசும், குழந்தைகள் வீறிட்டு அழும். காட்சிக்குக் காட்சி அந்த எட்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் இன்னொரு காட்சி போடலாமே என்று மேலாளர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். நான் மசியவில்லை.

விடிந்த பிறகு மைக்கில், "கேள்வி இருந்தா கேளுங்க" என்பேன். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

"அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தெரியாது."

ஜனங்களுக்கு முகம் தொங்கிவிடும். நாற்பது நிமிடம் எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசிவிட்டுக் கடைசியில் இப்படிக் கையை விரிக்கிறானே என்று. எனக்கு அந்த ஒரு சொல்தான் பெருமை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கிறது?

என் மனைவி என்னை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. சண்டை எல்லாம் இல்லை. "உங்ககிட்ட என்ன பேசினாலும் பதில் வருது. பேச்சு வரல" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். போகும்போதுகூட, பஸ் நேரம் தப்பு என்று நான் திருத்தினேன். அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. ஒரு நாளில் நான் பேசுவதெல்லாம் அந்த நான்கு காட்சிதான். மற்ற நேரத்தில் தொண்டை சும்மாவே கிடக்கும்.

அந்த அம்மா முதலில் வந்தது ஒரு புதன்கிழமை பதினொரு மணிக் காட்சிக்கு. அறுபது வயதிருக்கும். ஐந்தாம் வரிசையில் ஓர நாற்காலி. மடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. சூரியன் மறைந்தது, நட்சத்திரம் வந்தது, நான் ஆரம்பித்தேன். முதல் அணு உருவாவதற்குள் ஐந்தாம் வரிசையிலிருந்து குறட்டை வந்தது. மெல்லிய, ஒழுங்கான குறட்டை.

சரி, களைப்பாக இருக்கும் என்று விட்டேன். அடுத்த புதனும் வந்தார். அதே நாற்காலி, அதே நோட்டு, அதே இடத்தில் குறட்டை. மூன்றாவது புதன் எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் மடக்கிக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, தூங்கறதுக்கா இங்க வர்றீங்க?"

"ஆமா சார்" என்றார், கூச்சமே இல்லாமல். "வீட்டுல தூக்கம் வர மாட்டேங்குது."

"நான் சொல்றது அவ்வளவு அலுப்பாவா இருக்கு?"

"ஐயோ, அப்படி இல்ல. குரல் நல்லா இருக்கு. நீங்க சொல்றதுல ஒண்ணுகூட நான் நம்பல, கோவிச்சுக்காதீங்க. கடவுள் படைச்சார்னுதான் நான் நம்பறேன். ஆனா ஆரம்பத்துல இருந்து ஒருத்தர் நிதானமா சொல்லிட்டு வந்தா எனக்குத் தூக்கம் வந்துரும். பழகிப்போச்சு."

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வேன்? நான் உயிரைக் கொடுத்துச் சொல்கிற பிரபஞ்சம் இவருக்குத் தாலாட்டாம். அடுத்த வாரம் வெடிப்புக்கான ஒலியை வேண்டுமென்றே இரண்டு புள்ளி கூட்டி வைத்தேன். முன்வரிசையில் ஒரு குழந்தை அலறியது. ஐந்தாம் வரிசை அசையவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில மாதம் போன பிறகு, புதன்கிழமைகளில் நான் இஸ்திரி போட்ட சட்டை போட ஆரம்பித்திருந்தேன். பத்தே முக்காலுக்கே தடுப்புக்குள்ளிருந்து கதவைப் பார்ப்பேன். அவர் வந்து, நாற்காலியைச் சாய்த்து, என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவார். 'வந்துட்டேன், ஆரம்பிங்க' என்று அர்த்தம். காட்சி முடிந்ததும் வாசலில் ரெண்டு வார்த்தை. "இன்னிக்கு எதுவரைக்கும் கேட்டீங்க?" என்பேன். "ஏதோ சூடா இருந்துச்சே, அதுவரைக்கும்." "அது மூணாவது நிமிஷம்மா." "இருக்கட்டும் சார், மீதி எங்க போயிரப் போகுது?" அவ்வளவுதான். அந்த வாரத்தில் நான் மைக் இல்லாமல் ஒரு மனுஷியோடு பேசியது அது மட்டும்தான். எட்டு மாதம் அப்படிப் போனது. எனக்கு அது வேண்டியிருந்தது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

பிறகு மேலாளர் ஒரு புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து பதிவு செய்த குரல். யாரோ ஒரு நடிகர் பேசியிருக்கிறாராம், பின்னணி இசையோடு. "உங்களுக்கும் வயசாகுதில்ல சார். சும்மா பித்தானை அழுத்தினாப் போதும்." சூரியன் மறைவு நாற்பது நொடியாம். கேள்வி நேரம் கிடையாதாம்.

காட்சியை என் குரலிலேயே சொல்ல எனக்கு அன்றைக்கும் சேர்த்து மூன்று புதன்கிழமைதான் பாக்கி.

அன்று பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறுபது பேர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். இன்னும் மூன்று வாரத்தில் யாருக்குமே தேவைப்படாத குரல். அதை அந்த அம்மா இன்றைக்கும் கேட்காமல் தூங்குகிறார். நான் யார்மேல் கோபப்பட வேண்டுமோ அவர் மேல்மாடியில் இருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் ஐந்தாம் வரிசை அம்மா.

காட்சி முடிந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, நான்கு நிமிடம் விடிய வைக்காமல் எல்லா விளக்கையும் ஒரே தட்டாகத் தட்டினேன்.

"அஞ்சாவது வரிசையில ஒரு அம்மா ரொம்பக் கவனமா கேட்டுட்டு இருந்தாங்க. அவங்களையே கேப்போமா பசங்களா? அம்மா! பிரபஞ்சம் தொடங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். மைக் குரல் எங்கிருந்து வருகிறது என்றுகூட அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருஷம்... நாலு மாசம்" என்றார்.

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. பிள்ளைகள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மைக் முன்னால். என் சிரிப்பு பதினாறு ஒலிபெருக்கியிலிருந்தும் குவிமாடம் முழுக்கக் கேட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

நாற்காலிகளை நிமிர்த்தும்போது ஐந்தாம் வரிசைக்குக் கீழே அந்த நீல நோட்டு கிடந்தது. உள் அட்டையில் ஒரு ஆணின் கையெழுத்தில் முகவரியும், 'தொலைந்தால் தயவுசெய்து கொண்டுவந்து தரவும்' என்பதும் இருந்தது. முதல் பக்கத்தில் தலைப்பு: 'தொடக்கம்'. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் டீ போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். யாரோ ஒரு பிரசங்கி, கடவுள் உலகைப் படைத்ததைத் தன் சொந்த வார்த்தையில் எழுதியிருந்தார். பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். முதல் வரியே, 'முதலில் வந்தது வெளிச்சம், அன்றே அது எங்கும் ஓடியது'. எனக்குக் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: 'தவறு. முதல் மூன்று லட்சத்து எண்பதாயிரம் வருடம் வெளிச்சத்தால் நேராக ஓடவே முடியவில்லை.' அடுத்த பக்கத்தில், கடல் உண்டான பிறகு சூரியன் வந்ததாம். 'தவறு. சூரியன் முந்தி.' இன்னொரு பக்கத்தில் 'நட்சத்திரங்கள் நமக்கு வழி காட்டவே வைக்கப்பட்டன'. 'அப்படியானால் கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி நட்சத்திரம் எதற்கு?' என்று கேட்டு மூன்று கேள்விக்குறி போட்டேன்.

மனுஷர் விஷயம் தெரியாதவர், ஆனால் எழுதத் தெரிந்தவர். நான் ஒரு அடி கொடுத்தால் அடுத்த பக்கத்தில் அதற்குப் பதில் வைத்திருப்பார். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நானும் மல்லுக்கட்டினேன். பல வருடம் கழித்து அந்த வீட்டில் ஒரு நல்ல சண்டை நடந்தது. டீ ஆறி ஆடை கட்டியிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'அதற்கு முன் என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவர் தனியாக இருந்தார் என்று மட்டும் நினைக்கிறேன். தனியாக இருக்க முடியாமல்தான் தொடங்கியிருப்பார்.'

பேனா நின்றுவிட்டது. எத்தனையோ பேர் கேட்ட கேள்விக்கு என்னைப் போலவே தெரியாது என்று சொன்ன இன்னொரு ஆள். பக்கத்தில் ஒரு சரி போட்டேன். அந்த நோட்டில் நான் போட்ட ஒரே சரி.

மறுநாள் காலை டிக்கெட் கவுன்டர் அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரும் அக்கா என்பதால் எனக்கும் அக்கா.

"நேத்து நீங்க பண்ணது நல்லாவா இருக்கு?"

"தூங்கினாங்க. கேட்டேன்."

"ரெண்டு வருஷம் நாலு மாசம்னு சொன்னாங்களே, அது என்னன்னு தெரியுமா? அவங்க வீட்டுக்காரர் தவறிப்போய் அவ்வளவு நாள் ஆகுது. பிரசங்கம் பண்றவராம். உலகத்தைப் படைச்ச கதையைத் தினமும் சாப்பிட்டுட்டு அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவாராம். முப்பது வருஷம். கேட்டுக்கிட்டே தூங்கிருவாங்களாம். எத்தனை வருஷம்னு யார் கேட்டாலும் அவங்களுக்கு அந்தக் கணக்கு ஒண்ணுதான் வாயில வரும். இதெல்லாம் நின்னு கேட்டாத்தானே சார் தெரியும்?"

அக்கா டிக்கெட் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காலையில போன் பண்ணாங்க. ஒரு நீல நோட்டு காணோமாம். அவர் கையெழுத்துல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானாம். நீங்க பாத்தீங்களா?"

"தேடிப் பாக்கறேன்" என்றேன்.

பொய். நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் கேவலமானது இதுதான். வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. பென்சில்கூட இல்லை, மை. மை அழிக்கும் ரப்பரை வாங்கி வந்து முதல் பக்கத்தின் 'தவறு'மேல் தேய்த்தேன். காகிதம் நைந்து, மறுபக்கத்தில் பிரசங்கியின் எழுத்து ஒன்றும் அதோடு அழிந்தது. ரப்பரை ஜன்னல் வழியே வீசினேன். பிறகு அழுதேன். மனைவி போனபோதுகூட நான் அழவில்லை.

அடுத்த புதன் அந்த அம்மா வரவில்லை. அதற்கடுத்த புதன், நான் நேரில் பேசும் கடைசிப் பதினொரு மணிக் காட்சி. இஸ்திரி போட்ட சட்டையோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேராவது இல்லாவிட்டால் காட்சி கிடையாது என்பது விதி. வந்தவர்கள் நான்கு பேர். ஐந்தாவது டிக்கெட்டை நான் வாங்கினேன். அக்கா கேள்வி கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். ஐந்தாம் வரிசை ஓர நாற்காலியைப் பார்த்துத்தான் முழுக்கதையையும் சொன்னேன். நான்கு நிமிடம் விடிய வைத்தேன். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன். ஒருவர் எழுந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மத்தியானக் காட்சிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி மேலாளரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுக்குக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. மணியை அழுத்திவிட்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கதவைத் திறந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த நோட்டைத்தான் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கே கிடைச்சுதும்மா. நான்தான் வச்சிருந்தேன்" என்றேன். "அதுல நான் எழுதிட்டேன். யார் எழுதினதுன்னு தெரியாம. தெரியாட்டியும் எழுதியிருக்கக் கூடாது."

உள்ளே போய் உட்கார்ந்தார். நான் நின்றேன். எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றின் கைப்பிடியில் ஒரு மூக்குக் கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அந்தக் காகிதச் சத்தம் என்னை அறைந்த மாதிரி இருந்தது. நைந்துபோன இடத்தை விரலால் தடவினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"ஆமா."

"பசங்க முன்னாடி சிரிச்சீங்களே. அதைவிட இது வலிக்குது."

"ஆமாம்மா." வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு நியாயம் சொல்லத் தோன்றவில்லை.

அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"இங்க மட்டும் சரி போட்டிருக்கீங்க."

"அது சரியா இருந்துச்சு."

"இந்த வரிக்காக சபையில அவரைப் பிரசங்கம் பண்ண விடாம ஆறு மாசம் நிறுத்தி வச்சாங்க, தெரியுமா? கடவுளைத் தனியா இருந்தார்னு எப்படிச் சொல்லலாம்னு. எடுத்துருங்கன்னு நானும் சொன்னேன். மாட்டேன்னுட்டார்." நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "படிங்க."

"நானா?"

"கெடுத்தவர் நீங்கதானே. படிங்க. ரெண்டு வாரமா பொட்டுத் தூக்கம் இல்ல."

கண்ணாடி இருந்த நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லை. அவரே கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். நான் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். என் சிவப்பெழுத்தைத் தாண்டித் தாண்டி, ஒரு சொல்லும் மாற்றாமல். அவர் கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். நான்காவது பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வரல சார். நீங்க நம்பாம படிக்கிறீங்க. குரல்லயே தெரியுது. உங்களோடதைச் சொல்லுங்க."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். மத்தியான வெயில் அடங்கி அறை மங்கியது. மைக் இல்லை, நட்சத்திரம் இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு சின்னதாக இருந்தது, எவ்வளவு சூடாக இருந்தது, எப்படி விரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவருடைய கை நாற்காலியிலிருந்து நழுவியது. மெல்லிய, ஒழுங்கான குறட்டை. எட்டு மாதம் எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடத்தையும் சொல்லி முடித்தேன். கேள்வி இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

அவரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவதா? கண் விழித்தால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்த் திரையை ஒரு விரல் அளவு விலக்கினேன். கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு விரல். நான்கு நிமிடத்தில் விடிய வைப்பது எனக்குக் கைவந்த வேலை. வெளிச்சம் அவர் காலடிக்கு வந்து, மடிக்கு ஏறி, கன்னத்தைத் தொட்டது. அவர் கண்ணைத் திறக்காமல் முகத்தைச் சுளித்தார்.

"முடிச்சிட்டீங்களா?" என்றார், தூக்கத்திலேயே. எனக்கான குரல் இல்லை அது. முப்பது வருடமாக எதிர் நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தவருக்கான குரல். "ஏங்க, அந்த விளக்கை அணைச்சிட்டு வந்து உக்காருங்க."

விளக்கு ஏதும் எரியவில்லை. நான் அவரும் இல்லை.

நான் திருத்தவில்லை. திரையை மறுபடி இழுத்து மூடிவிட்டு, வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.